கொடுத்த வாக்கைக் காத்த பெருமகன்: சேர் பொன்னம்பலம் அருணாசலம்

ஆலயத்துக்கு வரும் அடியவர் சுவாமி சந்நிதியில் நின்று நேர்த்தி வைக்கிறார். அதற்குக் கடதாசி இல்லை, முத்திரை இல்லை, சாட்சிக் கையொப்பமும் இல்லை. ஆனாலும் காரியம் கைகூடியதும் நேர்த்திக்கடனைத் தீர்க்காமல் இருக்க அவருக்கு மனம் வருவதில்லை. கடன் பட்டாவது காவடி எடுப்பார், அபிஷேகம் செய்விப்பார். ஆண்டவனுக்குக் கொடுத்த வாக்கை இவ்வளவு பக்குவமாகக் காக்கும் நாம், மனிதருக்குக் கொடுக்கும் வாக்கை அந்த அளவுக்குக் காக்கிறோமா என்பது எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வி. அதிலும் அரசியல் என்று வந்துவிட்டால், வாக்குத் தவறுவது சாமர்த்தியம் என்றே கருதப்படும் நிலை உருவாகியிருக்கிறது.

அறம் வேறு, அரசியல் வேறு என்று பிரித்துப் பாராது வாழ்ந்து காட்டிய பெரியார்கள் இந்நாட்டில் இருந்திருக்கிறார்கள். அவர்களுள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள். அவருடைய தமையனார் சேர் பொன்னம்பலம் இராமநாதனை அறிந்த அளவுக்கு இளையவரை நமது பிள்ளைகள் அறிந்திருப்பதில்லை. ஆதலால் அவரது வாழ்வைச் சுருக்கமாக நினைவுகூர்வது இம்மலருக்குப் பொருத்தமானதாகும்.

பிறப்பும் கல்வியும்

மானிப்பாயைப் பூர்வீகமாகக் கொண்டு கொழும்பில் வாழ்ந்த கேற் முதலியார் பொன்னம்பலத்துக்கும் செல்லாச்சி அம்மையாருக்கும் மூன்றாவது மைந்தராக அருணாசலம் 1853ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 14ஆம் திகதி பிறந்தார். மூத்தவர் குமாரசுவாமி, அடுத்தவர் இராமநாதன். தாய்வழிப் பாட்டனாராகிய குமாரசுவாமி முதலியார் சட்டநிரூபண சபையில் தமிழரின் பிரதிநிதியாக இருந்தவர். தாய்மாமனாராகிய சேர் முத்துக்குமாரசுவாமி இங்கிலாந்து சென்று பாரிஸ்டரானவர். தந்தையார் கொழும்பு கொச்சிக்கடையில் பொன்னம்பலவாணேசுவரர் ஆலயத்தை எழுப்பியவர். பின்னாளில் இராமநாதன் அதனைக் கருங்கல் திருப்பணியாகச் செய்து முடித்தார். செல்வமும் செல்வாக்கும் நிறைந்த வீடு அது. ஆனாலும் கோயிற் காரியமும் பொதுக் காரியமும் அவ்வீட்டுப் பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே பழக்கமாகிவிட்டன.

அருணாசலம் கொழும்பு அக்கடமியில் கல்வி கற்றார். அதுவே பின்னர் றோயல் கல்லூரி என்று பெயர் பெற்றது. 1870ஆம் ஆண்டில் ஆங்கிலப் பல்கலைக்கழகப் புலமைப் பரிசிலைப் பெற்று, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கிறைஸ்ட் கல்லூரியில் சேர்ந்தார். லிங்கன்ஸ் இன்னில் சட்டமும் பயின்று பாரிஸ்டரானார். கேம்பிரிட்ஜில் அவருக்குக் கிடைத்த நண்பர்களுள் எட்வேட் கார்ப்பென்ரர் என்ற எழுத்தாளர் ஒருவர். ஏழை எளியவர், தொழிலாளர் பற்றிய கவலை நிறைந்தவர் அவர். அந்த நட்பு வாழ்நாள் முழுவதும் நீடித்தது. 1890ஆம் ஆண்டில் கார்ப்பென்ரர் இலங்கைக்கு வந்தபோது, அருணாசலம் தாம் குருவாகப் போற்றிய தமிழ் ஞானி ஒருவரிடம் அவரை அழைத்துச் சென்றார். அந்தச் சந்திப்பைக் கார்ப்பென்ரர் தமது பிரயாண நூலில் விரிவாக எழுதி வைத்திருக்கிறார்.

அரச சேவையில் நேர்மை

இலங்கைச் சிவில் சேவை அக்காலத்தில் வெள்ளையருக்கே உரியதாக இருந்தது. இலண்டனில் நடைபெற்ற திறந்த போட்டிப் பரீட்சையில் சித்தியெய்தி அச்சேவையில் நுழைந்த முதல் இலங்கையர் அருணாசலம் ஆவார். அது 1875ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. பின்னர் பல ஊர்களில் நீதவானாகவும் மாவட்ட நீதிபதியாகவும் கடமையாற்றினார்.

1880களின் பிற்பகுதியில் தேசாதிபதி சேர் ஆதர் கோர்டன் அவரைப் பதிவாளர் நாயகமாக நியமித்தார். சேவையில் மூத்தவர்களான ஆங்கிலேயர் பலர் இருக்க, இளையவரான ஒரு தமிழருக்கு இப்பதவி கொடுக்கப்பட்டது பெரும் முணுமுணுப்பை உண்டாக்கியது. அந்த முணுமுணுப்புக்கு அருணாசலம் வாயால் பதில் சொல்லவில்லை. வேலையால் பதில் சொன்னார்.

பதிவுக் கந்தோர் என்பது வெளியார் பார்வைக்குத் தூசி படிந்த கோவைகளும் இடாப்புகளும் நிறைந்த இடமாகத் தோன்றலாம். ஆனால் ஓர் ஏழைக் குடும்பத்தின் வாழ்வு அங்கேதான் தங்கியிருக்கிறது. பிள்ளையின் பிறப்பு, பெண்ணின் விவாகம், தகப்பனின் இறப்பு, தாய் சீதனமாகக் கொண்டுவந்த காணியின் உறுதி எல்லாம் அங்கே ஒழுங்காகப் பதியப்பட்டிருக்க வேண்டும். பதிவு சீராக இல்லாவிட்டால் ஒரே காணியை இரண்டு பேருக்கு விற்கலாம்; விதவையின் வளவைப் பலமுள்ளவன் பறிக்கலாம். இதனை நன்கு உணர்ந்த அருணாசலம், காணி உறுதிகளின் பதிவையும் பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவுகளையும் திருத்தி அமைத்தார். மனிதர் ஒருவருக்கொருவர் கொடுத்த வாக்குகளைப் பாதுகாக்கும் களஞ்சியமாகவே அத்திணைக்களம் அவருடைய கையில் மாறியது.

1901ஆம் ஆண்டின் குடிசன மதிப்புக்கும் அவரே பொறுப்பாக இருந்தார். நாட்டின் சனத்தொகை சுமார் 35 இலட்சமாக இருந்த காலம் அது. தலைகளை எண்ணிக் கணக்குக் கொடுத்ததோடு நின்றுவிடாமல், இந்நாட்டின் சரித்திரம், சாதி சமய வழக்கங்கள், மக்களின் வாழ்க்கை ஆகியவற்றையும் விளக்கி அவர் எழுதிய அறிக்கை அறிஞர்களின் பாராட்டைப் பெற்றது. 1912ஆம் ஆண்டில் நிருவாக சபையில் அங்கத்தவராக்கப்பட்டார். 1913ஆம் ஆண்டில் சேவையிலிருந்து ஓய்வு பெற்றபோது அரசர் அவருக்குச் சேர் பட்டம் வழங்கினார்.

அவர் காலத்து உயர் உத்தியோகத்தர்கள் பலர் வெள்ளைக்காரரைப் போல வாழ்வதையே பெருமையாக எண்ணினார்கள். அருணாசலம் அப்படி இருக்கவில்லை. மாணிக்கவாசக சுவாமிகளின் திருவாசகத்திலிருந்து பாடல்களையும் திருமுருகாற்றுப்படையையும் ஆங்கிலத்தில் பெயர்த்தார். பொலன்னறுவையில் கண்டெடுக்கப்பட்ட சைவ வெண்கலத் திருவுருவங்களைப் பற்றி ஆராய்ந்து எழுதினார். இந்நாட்டுக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1906ஆம் ஆண்டிலேயே சங்கம் அமைத்துக் குரல் கொடுத்தார். தாய்மொழியைப் புறக்கணிக்கும் கல்வி கல்வியாகாது என்பது அவருடைய உறுதியான கருத்து.

ஓய்வில்லாத ஓய்வுக் காலம்

அறுபது வயதில் ஓய்வூதியம், சேர் பட்டம், பெரிய வீடு, நல்ல மனைவி மக்கள் என எல்லாம் அமைந்த ஒருவர் சாய்மனைக் கதிரையில் சாய்ந்திருந்தாலும் எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் அப்போதுதான் பொது வாழ்வுக்குள் முழுமையாக இறங்கினார். அரச உத்தியோகத்தில் இருக்கும்போது வெளிப்படையாகச் சொல்ல முடியாதிருந்தவற்றை இனிச் சொல்லவும் செய்யவும் வேண்டும் என்று கருதினார் போலும்.

அவர் முதலில் சென்றது மேடைக்கு அல்ல, சேரிக்கு. 1915ஆம் ஆண்டில் இலங்கைச் சமூக சேவைச் சங்கத்தை அமைத்து, கொழும்பில் ஏழை மக்கள் நெருங்கி வாழ்ந்த இடங்களில் சுகாதாரம், கல்வி, நிவாரணம் ஆகிய பணிகளில் ஈடுபட்டார். படித்த இளைஞர்களையும் அங்கே அழைத்துச் சென்றார். மக்களின் துன்பத்தை நேரில் காணாதவன் மக்களின் பிரதிநிதியாக முடியாது என்பதை அவர்களுக்குச் செயலில் கற்பித்தார்.

அடுத்து அவருடைய கவனம் மலைநாட்டுத் தோட்டங்களுக்குச் சென்றது. அக்காலச் சட்டப்படி, தோட்டத் தொழிலாளி வேலை ஒப்பந்தத்தை மீறினால் அது குற்றமாகக் கொள்ளப்பட்டது. சொல்லாமல் தோட்டத்தை விட்டுப் போனவன் கள்வனைப் போலப் பிடிக்கப்பட்டுச் சிறையில் அடைக்கப்பட்டான். கங்காணியிடம் பட்ட கடனோ தீராக் கடன். வாக்கு மீறிய ஏழைக்குச் சிறை; வாக்கு மீறிய துரைக்கு அப்படியொரு தண்டனை இல்லை. இந்த அநீதியை அருணாசலம் பொறுக்கவில்லை. 1919ஆம் ஆண்டு யூன் மாதத்தில் இலங்கைத் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தை நிறுவி அதன் தலைவரானார். பெரி. சுந்தரம் அவருக்குத் துணையாக நின்றார். அரசாங்கத்துக்கும் இலண்டனில் உள்ள குடியேற்ற நாட்டுக் காரியாலயத்துக்கும் மனுக்கள் சென்றன. தோட்ட முதலாளிமாரின் பத்திரிகைகள் அவரைத் தாக்கின. ஆயினும் 1920களின் தொடக்கத்தில் அந்தச் சிறைத் தண்டனை சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. அந்தத் தொழிலாளர்கள் எவருக்கும் வாக்குரிமை இருக்கவில்லை. அவர்களுக்கு உதவுவதால் அருணாசலத்துக்கு ஒரு வாக்கும் கிடைக்கப் போவதில்லை. இதுவே அத்தொண்டின் பெருமை.

தேசிய காங்கிரசின் தந்தை

1917ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் நமது அரசியற் தேவைகள் என்ற பொருளில் கொழும்பில் அவர் ஆற்றிய உரை நாட்டையே தட்டி எழுப்பியது. இலங்கையர் தம்மைத் தாமே ஆள்வதற்குத் தகுதியுடையவர் என்று துணிந்து அவர் எடுத்துரைத்தார். அதே ஆண்டில் இலங்கைச் சீர்திருத்தச் சங்கம் அமைக்கப்பட்டு, அதன் தலைமை அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. சிங்களவர், தமிழர், பறங்கியர், முஸ்லிம்கள் எல்லோரும் ஒரே அமைப்பில் சேர்ந்து உரிமை கேட்க வேண்டும் என்பது அவருடைய கனவு.

அந்தக் கனவு 1919ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 11ஆம் திகதி நனவாயிற்று. அன்று இலங்கைத் தேசிய காங்கிரஸ் உதயமானது. முதல் தலைவராக அருணாசலம் தெரிவு செய்யப்பட்டார். பெரும்பான்மையினரான சிங்களத் தலைவர்கள் ஒரு தமிழரைத் தங்கள் தலைவராக மனமுவந்து ஏற்றுக்கொண்டது இந்நாட்டுச் சரித்திரத்தில் பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டிய செய்தி.

ஆனால் அந்த ஒற்றுமை இலகுவில் வந்ததல்ல. அதன் அடியில் ஒரு வாக்குறுதி இருந்தது.

யாழ்ப்பாணத்துக்குக் கொடுத்த வாக்கு

அதுவரை சட்டநிரூபண சபையில் ஒவ்வொரு இனத்துக்கும் தனிப் பிரதிநிதிகள் இருந்தார்கள். சீர்திருத்தம் கேட்டவர்களோ இனத்தை விட்டுப் பிரதேச அடிப்படையில் தொகுதிகள் அமைய வேண்டும் என்றார்கள். அருணாசலமும் அதனையே விரும்பினார். ஆனால் யாழ்ப்பாணச் சங்கத்தவர் தயங்கினர். தொகுதிகள் பிரதேச வாரியாக அமைந்தால் சபையில் தமிழரின் நிலை தாழ்ந்து போகும் என்றும், கொழும்பிலும் மேல் மாகாணத்திலும் வாழும் தமிழருக்குப் பிரதிநிதியே இல்லாமற் போகும் என்றும் அஞ்சினர். அவர்கள் சேராவிட்டால் அனைவருக்கும் பொதுவான இயக்கம் என்ற பேச்சுக்கு இடமில்லை.

இந்த நிலையில் 1918ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் சிங்களத் தலைவர்களான ஜேம்ஸ் பீரிசும் ஈ. ஜே. சமரவிக்கிரமவும் எழுத்து மூலம் ஓர் உறுதி வழங்கினார்கள். மேல் மாகாணத்தில் தமிழருக்கென ஓர் ஆசனம் ஒதுக்கப்படுவதைத் தாங்கள் ஆதரிப்பதாக அதில் ஒப்புக்கொண்டார்கள். அந்த உறுதியை யாழ்ப்பாணத்துக்கு எடுத்துச் சொல்லி அவர்களைச் சம்மதிக்கச் செய்தவர் அருணாசலம். யாழ்ப்பாணத்தவர் நம்பியது கடிதத்தை மட்டுமல்ல. அதைக் கொண்டுவந்தவரையும் நம்பினார்கள். சட்ட பாஷையில் சொன்னால், அருணாசலம் அந்த உறுதிக்குப் பிணை நின்றார்.

1920ஆம் ஆண்டின் புதிய அரசியலமைப்பில் அந்த ஆசனம் இடம்பெறவில்லை. அதன் கீழ் 1921இல் தேர்தல் வந்தது. கொழும்பு நகரத் தொகுதியில் அருணாசலமே நிற்பார் என்று பலரும் எதிர்பார்த்தார்கள். ஆனால் காங்கிரசாரின் ஆதரவு ஜேம்ஸ் பீரிசுக்குக் கிடைத்தது. அருணாசலம் போட்டியிடாது விலகிக்கொண்டார். மேல் மாகாணத்தில் தமிழருக்கு ஓர் ஆசனம் என்ற கோரிக்கைக்கும் காங்கிரஸ் கைகொடுக்கவில்லை. கொடுத்த உறுதிக்கு இப்போது வேறு விளக்கங்கள் கூறப்பட்டன. இன வாரியான ஆசனம் தேசிய ஒற்றுமைக்கு மாறானது என்ற நியாயமும் முன்வைக்கப்பட்டது. அந்த நியாயத்தில் உண்மை இல்லாமல் இல்லை. அருணாசலமே அக்கொள்கையைப் பேசியவர்தான். ஆனால் கொள்கை எவ்வளவு உயர்ந்ததாயினும், ஒரு வாக்கைக் கொடுத்து அடுத்தவரை அழைத்து வந்த பின்னர் அந்த வாக்கை மறுப்பதற்கு அதனைக் காரணமாக்க முடியுமா என்பதே அவர் முன் நின்ற கேள்வி.

அவருக்கு முன்னால் பல வழிகள் இருந்தன. காங்கிரசின் தந்தை என்ற கௌரவத்துடன் பேசாமல் இருந்திருக்கலாம். நிலைமை மாறிவிட்டது, நான் என்ன செய்ய முடியும் என்று யாழ்ப்பாணத்தவருக்குச் சமாதானம் சொல்லியிருக்கலாம். கடிதத்தில் கையொப்பமிட்டவர்கள் வேறு யாரோ, நான் அல்ல என்று தட்டிக் கழித்திருக்கலாம். சட்டப்படி அது சரியாகவும் இருந்திருக்கும். அவர் இவற்றுள் எதனையும் செய்யவில்லை. 1921ஆம் ஆண்டில், தாம் பெற்று வளர்த்த காங்கிரசை விட்டு வெளியேறினார். அவரைப் பின்பற்றித் தமிழ்த் தலைவர்கள் பலரும் வெளியேறினர்.

ஆசனம் கிடைக்காத மனக்கசப்பினால் அவர் விலகினார் என்று சொல்வோரும் உண்டு. மனிதர் எவருக்கும் மனவருத்தம் வருவது இயல்பே. அவருக்கும் வந்திருக்கக் கூடும். ஆனால் நிருவாக சபை வரை சென்று வந்தவருக்கு, அறுபத்தேழு வயதைக் கடந்தவருக்கு, ஓர் ஆசனம் பெரிய பேறல்ல. அந்த வாக்குறுதி அவருக்கென்று கொடுக்கப்பட்டதுமல்ல. அவரை நம்பிய மக்களுக்குக் கொடுக்கப்பட்டது. தமக்கு நேர்ந்த ஏமாற்றத்தை ஒருவர் மன்னித்துவிடலாம். தம்மை நம்பியவருக்கு நேர்ந்த ஏமாற்றத்தை மன்னிக்கும் உரிமை அவருக்கு இல்லை.

அந்த முடிவுக்கு அவர் கொடுத்த விலை பெரிது. எல்லா இனத்தவரையும் ஒரு குடையின் கீழ் கொண்டுவர உழைத்தவர், 1923ஆம் ஆண்டில் இலங்கைத் தமிழ் மக்கள் சங்கத்தை அமைத்துத் தமது இனத்தாருக்காகத் தனியே பேச வேண்டியவரானார். அது அவர் விரும்பிப் புறப்பட்ட பாதை அல்ல. ஆயினும் அவர் பிற இனத்தாரை வெறுத்துப் பேசினாரில்லை. சிங்கள மக்களின் பழஞ் சரித்திரத்தைத் தம்முடைய சரித்திரமாகவே கருதி முன்னர் எழுதியவர் அவர். கோபித்துக்கொண்டது இனத்தோடு அல்ல, வாக்குத் தவறியதோடுதான்.

இறுதிக் காலம்

தமிழ் மக்கள் சங்கம் தொடங்கிச் சில மாதங்களுக்குள் அருணாசலம் தென்னிந்தியத் திருத்தலங்களைத் தரிசிக்கப் புறப்பட்டார். அந்த யாத்திரையின்போது 1924ஆம் ஆண்டு சனவரி மாதம் 9ஆம் திகதி, மீனாட்சி அம்மை வீற்றிருக்கும் மதுரை மாநகரில் இறைவனடி சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது எழுபது. சைவராகப் பிறந்து சைவராக வாழ்ந்தவர் திருத்தல யாத்திரையிலேயே கண்மூடியது அவர் செய்த தவப் பயன் என்றே சொல்ல வேண்டும்.

அவர் மறைந்த அதே 1924ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பில், மேல் மாகாணத் தமிழருக்கென ஓர் ஆசனம் இடம்பெற்றது. எந்த ஆசனத்தை நண்பர்கள் தாமாகவே முன்வந்து கொடுத்திருந்தால் நட்பும் நம்பிக்கையும் நிலைத்திருக்குமோ, அதே ஆசனம் வெள்ளைக்கார ஆட்சியின் கையால் கொடுக்கப்பட்டது. ஆசனம் வந்தது, போன நம்பிக்கை திரும்பி வரவில்லை. ஓர் ஆசனத்தைக் காப்பாற்றப் போய் நாடு எதை இழந்தது என்பதைப் பின்வந்த சரித்திரத்தை அறிந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

கொழும்பில் பழைய பாராளுமன்றக் கட்டிட வளாகத்தில் அவருடைய சிலை எழுப்பப்பட்டது. அவர் கேட்ட பல்கலைக்கழகம் 1942ஆம் ஆண்டில் உருவாகிப் பின்னர் பேராதனையில் நிலைகொண்டபோது, மாணவர் விடுதி ஒன்றுக்கு அவருடைய பெயர் சூட்டப்பட்டது. அவருடைய மைந்தர் சேர் அருணாசலம் மகாதேவா அரசாங்க சபைக் காலத்தில் உள்நாட்டு மந்திரியாகப் பதவி வகித்தார்.

நாம் பெற வேண்டிய பாடம்

தமிழ் மொழியில் ஒரு சிறப்பு உண்டு. தலைவர் மக்களுக்குக் கொடுப்பதும் வாக்கு. மக்கள் தலைவருக்குப் போடுவதும் வாக்கு. காணிக்கு எழுதுவதும் உறுதி. மனத்தால் கொடுப்பதும் உறுதி. இரண்டும் ஒரே சொல்லாக இருப்பதன் பொருளை நாம் மறந்துவிட்டோம். காணி உறுதியில் ஓர் எழுத்துப் பிழைத்தாலும் வழக்குக்குப் போகிறோம். பொதுக்கூட்டத்தில் கொடுத்த உறுதி முழுவதும் பொய்த்தாலும் அரசியல் என்றால் அப்படித்தான் என்று சொல்லிவிட்டு அடுத்த தேர்தலில் அவருக்கே மாலை போடுகிறோம். தலைவர்களிடம் அறம் குறைந்துவிட்டது என்று குறை சொல்லும் நாம், அறத்தை அவர்களிடம் கேட்டு வாங்கினோமா?

இது பாராளுமன்றத்துக்கு மட்டும் உரிய பேச்சல்ல. கிராம அபிவிருத்திச் சங்கம், கூட்டுறவுச் சங்கம், பாடசாலை அபிவிருத்திச் சங்கம், ஆலய பரிபாலன சபை ஆகிய எல்லாவற்றிலும் தலைவர் உண்டு, செயலாளர் உண்டு, பொருளாளர் உண்டு. திருப்பணிக்கென்று ஓர் ஏழைத் தாய் தருகின்ற நூறு ரூபாவுக்கு எழுதப்படும் பற்றுச்சீட்டும் ஒரு வாக்குறுதியே. அந்தப் பணம் அந்தத் திருப்பணிக்கே போய்ச் சேர வேண்டும். கணக்கு வாசிக்கும் நாளில் தலை நிமிர்ந்து வாசிக்கக் கூடியதாக இருக்க வேண்டும். சிறிய பொறுப்பில் வாக்குக் காக்கப் பழகாதவர் பெரிய பொறுப்பில் காப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. அருணாசலமும் காங்கிரஸ் மேடையில் திடீரென்று நேர்மையாளராகவில்லை. இளமையில் நீதிமன்றிலும் பதிவுக் கந்தோரிலும் பழகிய நேர்மையே முதுமையில் அவரைத் தாங்கி நின்றது.

பதவியை இழந்தாலும் வாக்கை இழக்காத தலைவர்கள் நமது மண்ணில் மீண்டும் தோன்ற வேண்டும். அவர்களை இனங்கண்டு போற்றும் மனப்பக்குவம் நமக்கும் வர வேண்டும். அதற்கு எல்லாம் வல்ல எம்பெருமானின் திருவருள் துணைநிற்பதாக.